வாசிப்பும் செம்மையாக்கமும்: தமிழ்ப் புனைகதையாளர் தொழில் கற்ற வழிகள்

தமிழில் கதை எழுதக் கற்பிக்கும் கல்லூரிப் பாடமோ பயிற்சி நிறுவனமோ நெடுங்காலம் இருக்கவில்லை என்பதால், நவீனப் புனைகதையாளர்கள் இயல்பான திறமையை மட்டுமே நம்பி எழுதினர் என்றொரு எண்ணம் நிலைபெற்றிருக்கிறது. அவர்கள் கற்ற இடங்கள் உண்மையில் வேறாக இருந்தன. பிறமொழிக் கதைகளைத் தழுவியும் மொழிபெயர்த்தும் வாசித்தது ஒன்று. இதழாசிரியர், பதிப்பாசிரியர் ஆகியோரின் கண்ணுக்குத் தம் கைப்படியை உட்படுத்தியது மற்றொன்று. முன்னது இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் திருட்டா, இல்லையா என்ற வழக்காகவே பேசப்பட்டது. பின்னதோ முன்னுரைகளின் நன்றிக் குறிப்போடு முடிந்துபோயிற்று. இரண்டையும் ஒரு தொழிற்பயிற்சியின் வரலாறாகச் சேர்த்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி.

முதல் சான்று 1915இல் 'விவேகபோதினி'யில் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்'. இது தாகூர் 1884இல் வங்கமொழியில் எழுதிய படித்துறைக் கதையின் தழுவல் என்பது இன்று ஏற்கப்பட்ட செய்தி. தழுவல் என்பது மூலக்கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு ஊர், பெயர், வழக்கம் ஆகியவற்றைத் தன் மண்ணுக்கேற்ப மாற்றி எழுதுவது. ஆனால் ஐயர் மாற்றியது பெயர்களை மட்டுமன்று. தாகூரின் கதையில் கங்கைக்கரைப் படித்துறை பேசுகிறது. இளம் விதவை குசும் ஒரு துறவியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். தன்னை மறந்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டபின் ஆற்றில் இறங்கி மறைகிறாள். ஐயரின் கதையில் பேசுவது அரசமரம். ருக்மிணியின் தந்தை அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சியில் பொருளை இழக்க, புக்ககத்தார் அவளைத் தள்ளிவைத்து, கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கடைசி நேரத்தில் அத்திருமணத்தை மறுத்துவிடுவதென்று அவன் முடிவு செய்திருப்பதை அறியாமலே அவள் குளத்தில் உயிர்விடுகிறாள், அவன் துறவியாகிறான்.

மூலத்தில் துயரத்துக்குக் காரணமாக நின்ற துறவு, தழுவலில் துயரத்தின் விளைவாக இடம் மாறியிருப்பது கருதத்தக்கது. பார்க்க மட்டுமே முடிந்த, தடுக்க இயலாத சாட்சியைக் கதைசொல்லியாக்கும் உத்தியை ஐயர் தாகூரிடமிருந்து பெற்றார். கணவனின் உள்ளக்கிடக்கை மனைவிக்கு எட்டாமல் போவதில் கதையின் முழு வலியையும் ஏற்றியது அவர் தாமே செய்தது. 1906இல் சென்னையில் பலரை ஓட்டாண்டியாக்கிய இந்த வங்கி வீழ்ச்சியைக் கதையின் திருப்பமாக்கியதும் அத்தகையதே. கற்றவன் கை எங்கே தொடங்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை அக்காலத் தமிழில் வேறில்லை எனலாம்.

1933இல் வார இதழாகத் தொடங்கிய 'மணிக்கொடி', 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கான இதழாக மாறியபோது, சொந்தப் படைப்பும் மொழிபெயர்ப்பும் அதில் அருகருகே இடம்பெற்றன. தழுவலைக் கடுமையாக எதிர்த்து, மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பே வேண்டும் என்று வாதிட்ட புதுமைப்பித்தனின் சில கதைகளே மாப்பசானின் தழுவல்கள் என்று பின்னர் நிறுவப்பட்டது. இம்முரணை அவருடைய நேர்மை பற்றிய வினாவாக மட்டும் சுருக்குவது பொருந்தாது. உலகக் கதைகள் பலவற்றைத் தமிழாக்கிய அவர், தழுவலில் தொடங்கி மொழிபெயர்ப்பின் கட்டுப்பாட்டை நாடிச் சென்றார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. வாசகன் விரும்பிய இடத்தில் வரியைத் தாண்டிச் செல்லலாம். மொழிபெயர்ப்பாளனுக்கு அந்தச் சலுகை இல்லை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நட் ஹாம்சனைத் தமிழுக்குக் கொணர்ந்த க.நா. சுப்ரமண்யமும், எழுதத் தொடங்கிய காலத்திலேயே தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலை மலையாளத்திலிருந்து பெயர்த்த சுந்தர ராமசாமியும் இவ்வழியில் வந்தவர்களே.

இதழாசிரியராக ராமையா ஆற்றிய பணி வேறு வகையானது. எஸ். மணியை எழுதத் தூண்டி, 'மௌனி' என்று பெயர் சூட்டி, 1936 முதல் அவர் கதைகளை வெளியிட்டது ராமையாவின் தேர்ந்த வாசிப்புக்குச் சான்று. மணிக்கொடிக் குழுவைச் சேர்ந்த சி.சு. செல்லப்பா, பின்னாளில் தம் 'எழுத்து' இதழின் வழியாகவும் 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' நூலின் வழியாகவும் முன்னோடிகளின் கதைகளை உருவமும் உத்தியும் சார்ந்து பிரித்துக் காட்டி, எழுதுபவனுக்குரிய வாசிப்பு முறையொன்றை வகுத்தார். இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் சேர்ந்த வடிவத்துக்கும் இடையே ஆசிரியர் செய்த மாற்றங்கள், அதாவது பாடவேறுபாடுகள், புதுமைப்பித்தனைப் பொறுத்தவரை ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் கொணர்ந்த செம்பதிப்பில்தான் முறையாகத் தொகுக்கப்பட்டன. எழுதக் கற்போருக்கு அப்பட்டியல் ஒரு பெரும் கொடை.

பதிப்பகம் சார்ந்த செம்மையாக்கம், அதாவது அச்சுக்கு முன் கைப்படியின் கட்டமைப்பு, தகவல் பொருத்தம், வாக்கியம், நிறுத்தக்குறி ஆகியவற்றை எழுத்தாளரோடு அமர்ந்து சீர்செய்யும் பணி, 1974இல் தொடங்கப்பட்ட க்ரியாவில் எஸ். ராமகிருஷ்ணனின் கையில் ஓர் ஒழுங்காக உருப்பெற்றது. மாதமிருமுறை இதழின் அவசரத்தில் ராமையாவுக்குக் கிட்டாத கால அவகாசத்தை ஒரே கைப்படிக்கு ஒதுக்க அங்கே முடிந்தது. பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆகியவற்றில் கரிசல் வழக்கும் தென்னார்க்காட்டுப் பேச்சும் பொதுத்தமிழாகத் தேய்க்கப்படாமல் அச்சேறின. பின்னதில் சலவைத் தொழிலாளியான ஆரோக்கியத்தின் நீண்ட புலம்பல்களை வெட்டிச் சுருக்காமல், அவற்றின் மூச்சுக்கேற்ப நாவல் நகர விட்டது செம்மையாக்குபவருக்குப் பெரும் பொறுமை வேண்டிய செயல். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டதும் அதே பதிப்பகமே. வழங்கும் சொல்லை அதன் வழக்கிலேயே கேட்டு மதிப்பிடும் பழக்கம் அகராதிப் பணிக்கும் புனைகதைப் பணிக்கும் அங்கே பொதுவாக இருந்தது.