காவிரியை அளந்த பனி

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. இங்கே படித்துறையில் நிற்பவருக்குக் கடல் வெகுதொலைவு. வடதுருவத்துப் பனியோ நினைவுக்கும் எட்டாதது. ஆயினும், இந்த ஆற்றுக்குரிய மழையை ஒரு காலத்தில் அந்தப் பனியும் கடலும் சேர்ந்தே குறைத்தன, கூட்டின.

பனியுகம் என்ற ஒன்று இருந்ததை மனிதர் எளிதில் ஏற்கவில்லை. ஆங்கிலத் திருச்சபைக் குருவும் ஆக்ஸ்போர்டில் நிலவியல் கற்பித்தவருமான வில்லியம் பக்லண்டு, குகை எலும்புகளையும் சரளைப் படிவுகளையும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தின் சான்றுகளாக 1823-இல் எழுதினார். 1837-இல் சுவிட்சர்லாந்தின் லூயி அகாசி பனியுகக் கருத்தை முன்வைத்தார். 1840-இல் அவரோடு ஸ்காட்லாந்து மலைகளைக் கண்ட பக்லண்டு, தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கண்டதை ஏற்கும் அந்தப் பணிவு பாராட்டுக்குரியது.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவையும் வட ஐரோப்பாவையும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. சில இடங்களில் அவற்றின் கனம் மூன்று கிலோமீட்டர். அவ்வளவு நீரும் கடலிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆகவே கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. ஆழமற்ற பாக் நீரிணை தரையாயிற்று. தமிழகத்திலிருந்து இலங்கைக்குக் கால்நடையாகவே செல்லலாம் என்ற நிலை.

பனி கடலைக் குறைத்தது போலவே, கடலும் பனியைத் தாக்கியது. ஆழத்திலிருந்த வெதுவெதுப்பான நீர் பனிப்பாளங்களின் விளிம்பை அடியிலிருந்து அரித்தது. உடைந்த பனிமலைகள் வட அட்லாண்டிக்கில் மிதந்து உருகின. அவை சுமந்து வந்த கற்கள் கடலடியில் விழுந்தன. அந்தக் கல் அடுக்குகளை 1988-இல் எடுத்துரைத்தவர் ஜெர்மானியரான ஹார்ட்மூட் ஹைன்ரிக். உருகிய நன்னீர் உப்புநீரின்மேல் பரவவே, வடக்கே வெப்பத்தைக் கொண்டு செல்லும் கடல் நீரோட்டம் தளர்ந்தது. வடபுலம் மேலும் குளிர்ந்தது. நம் தென்மேற்குப் பருவமழையும் மெலிந்தது. அரபிக் கடலின் அடிச்சேறு இதற்குச் சாட்சி.

நம் அருகிலும் ஒரு சாட்சி உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் முழுதும் மட்காத தாவரச் சேறு ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் படிந்துள்ளது. வறட்சியைத் தாங்கும் புல்லும் ஈரத்தை விரும்பும் மரஞ்செடிகளும் தம்மில் சேர்க்கும் கரிம ஐசோடோப்புகளின் விகிதம் வேறுபடும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் அதை அளந்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டிருந்தது; பனி விலகிய பின் ஈரம் மிகுந்தது. அந்த மலையில் பெய்யும் மழையைத்தான் பவானி ஆறு காவிரியில் சேர்த்து, கொடுமுடிக்கு அனுப்புகிறது.

இன்று கிரீன்லாந்தும் மேற்கு அண்டார்க்டிகாவும் பனியை இழந்து வருகின்றன. அங்கேயும் வெதுவெதுப்பான கடல்நீர் பனியை அடியிலிருந்து அரிக்கிறது. நாமோ காவிரியை டி.எம்.சி. கணக்கில் பங்கிடுகிறோம். பிலிகுண்டுலுவில் தமிழகம் பெறவேண்டியது 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பங்கீடு தேவையானதே. ஆனால் பருவமழை தன் வழக்கப்படி வரும் என்ற நம்பிக்கையின்மேல் அது நிற்கிறது. அந்த வழக்கம் முன்பு மாறியிருக்கிறது என்று நீலகிரிச் சேறு சொல்கிறது. ஆற்றுக்காக வழக்காடும் நாம், தொலைவில் உருகும் பனியையும் நம் வீட்டுக் கவலையாகக் கொள்ளவேண்டிய காலம் இது.