ஐந்து இயக்கங்களும் அரசு கட்டிலும்

பஞ்சபூதங்கள் என்றதும் நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். பண்டைய சீனரும் ஐந்தையே சொன்னார்கள். ஆனால், அவர்களுடைய வரிசையில் காற்றும் வெளியும் இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பனவே அவை. இவற்றைச் சீனர் ‘வூ ஸிங்’ என்பர். ‘வூ’ என்றால் ஐந்து. ‘ஸிங்’ என்றால் நடத்தல், இயங்குதல். ஆகவே, மூலப்பொருள்கள் என்பதைவிட ஐந்து இயக்கங்கள் என்பதே பொருத்தமானது எனலாம்.

சீனரின் தொன்மையான நூல்களுள் ஒன்றாகிய ‘ஷூ ஜிங்’ இவற்றை அவற்றின் செயல் கொண்டே விளக்குகிறது. நீர் நனைத்துக் கீழிறங்கும். நெருப்பு எரிந்து மேலெழும். மரம் வளையும், நிமிரும். உலோகம் உருமாற இடங்கொடுக்கும். மண்ணிலே விதைப்பும் அறுவடையும் நிகழும். உழவனும் தச்சனும் கொல்லனும் நாள்தோறும் கண்டவைதாம் இவை.

இந்த எளிய எண்ணத்தை அரசியல் வரலாற்றோடு பிணைத்தவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் சிந்தனையாளரான ட்சோ யென். மரம் மண்ணைப் பிளக்கிறது. உலோகம் மரத்தை வெட்டுகிறது. நெருப்பு உலோகத்தை உருக்குகிறது. நீர் நெருப்பை அணைக்கிறது. மண் நீரை மறித்து நிற்கிறது. அரச வம்சங்களும் இவ்வாறே ஒன்றை ஒன்று வென்று மாறுகின்றன என்பது அவருடைய கோட்பாடு. ஆடம்பரத்தில் மூழ்கிய அரசர்களை அறவழிக்குத் திருப்புவதே அவர் நோக்கம் என்று வரலாற்றாசிரியர் ஸுமா சியென் எழுதியுள்ளார்.

ஆனால் நடந்தது வேறு. கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் பேரரசன் ஷீ ஹுவாங் டி இக்கோட்பாட்டைத் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டான். முந்திய சூ வம்சம் நெருப்பு. ஆகவே தன்னுடையது நீர் என்றான். நீரின் நிறம் கறுப்பு என்பதால் ஆடைகளும் கொடிகளும் கறுப்பாயின. நீரின் எண் ஆறு என்பதால் அவன் தேரை ஆறு குதிரைகள் இழுத்தன. மஞ்சள் ஆற்றின் பெயரும் மாறியது. நீர் கடுமைக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டதால், இரக்கமற்ற சட்டங்களுக்கும் அதிலிருந்தே நியாயம் கற்பிக்கப்பட்டது.

இதிலுள்ள முரணை நாம் கவனிக்க வேண்டும். ‘முதற் பேரரசன்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட அவன், தன் வம்சம் பத்தாயிரம் தலைமுறை நிலைக்கும் என எண்ணினான். அவன் கையிலெடுத்த கோட்பாடோ, எந்த ஆட்சியும் நிலையாது என்றே சொல்கிறது. நெருப்பை நீர் அணைக்கும் என்பதை அவன் ஏற்றான்; நீரை மண் மறிக்கும் என்பதை மறந்தான். கி.மு. 206இல் சின் வம்சம் முடிவுற்றது. பத்தாயிரம் தலைமுறை பதினைந்து ஆண்டுகளாய்ச் சுருங்கியது.

அடுத்து வந்த ஹான் வம்சத்தினர் தமக்குரியது எது என்று நெடுங்காலம் வாதிட்டனர். கி.மு. 104இல் பேரரசர் வூ மண்ணைத் தெரிந்தார். கி.பி. 9இல் ஆட்சியைக் கைப்பற்றிய வாங் மாங், வெல்லும் வரிசையை விட்டுப் பிறக்கும் வரிசையை எடுத்துக்கொண்டான். ஹான் நெருப்பு, நெருப்பின் சாம்பலிலிருந்து பிறக்கும் மண் நான் என்றான். ஹான் ஆட்சியை மீட்ட குவாங் வூவும் கி.பி. 26இல் நெருப்பையே தமதாக்கிக்கொண்டார். வாளால் பெற்றதை ஒவ்வொருவரும் வானத்தின் பெயரால் நியாயப்படுத்தினர்.

இவற்றையெல்லாம் கேள்விக்குட்படுத்தியவர் கி.பி. 27இல் பிறந்த வாங் சுங். வறியவரான அவர், புத்தகக் கடைகளில் நின்றபடியே படித்தவர் என்பர். சீன வழக்கில் எலி நீருக்கும் குதிரை நெருப்புக்கும் உரியவை. நீர் நெருப்பை வெல்லுமென்றால், எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று ‘லுன் ஹெங்’ என்ற தம் நூலில் அவர் கேட்டார்.

பேரரசர்கள் கேட்க விரும்பாத கேள்வி அது. கறுப்புக் கொடிகள் மறைந்துவிட்டன. அந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது.