எவ்வளவு பெரிய அடுப்பு வேண்டும்? – குளிர்காயும் அடுப்பின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறான். எண்ணெயில் ஓடும் ஹீட்டர் இருக்கிறது. பனிப்புயலில் மின்சாரம் போனால் அது நின்றுவிடும். அதனால் ஒரு விறகு ஸ்டவ் வைக்கப் பார்க்கிறான். இரண்டு படங்களை அனுப்பி, "டீச்சர், சின்னதுக்கும் பெரிசுக்கும் விலையில அதிக வித்தியாசம் இல்ல. பெரிசாவே வாங்கிடட்டுமா? உங்க மக வீட்டுலயும் இருக்குல்ல, அதான் கேக்கறேன்" என்றான்.

"அவசரப்படாதே தம்பி, எழுதி அனுப்புறேன்" என்றேன். அவனுக்கு எழுத ஆரம்பித்தது எல்லோருக்குமான பதிவாகிவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நமக்கு அடுப்பு என்றால் சமையல். அங்கே இது வீட்டைச் சூடாக்க. கனமான இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் கூரை வரை போகும் புகைபோக்கி. உள்ளே போகும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடி இருக்கும். அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். உறவினர்கள் பலருக்கு இது இன்றுதான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்காக வெர்மாண்ட் போயிருந்தேன். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் இருபது டிகிரி. குழந்தை பிறந்து இருபதாவது நாள். அவர்கள் வீட்டு ஸ்டவ் முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது, மிகப் பெரியது. நன்றாக எரியவிட்டால் ஜன்னலைத் திறக்க வேண்டிய அளவுக்குச் சூடு. அதனால் தினமும் இரவு படுக்கும் முன் நான்தான் பெரிய கட்டைகளாக நிறைய அடுக்கி, காற்றுக் கைப்பிடியை முக்கால்வாசி மூடிவிடுவேன். விறகு மிச்சம், விடியும்வரை கணகணவென்று இருக்கும், நம் ஊர் சிக்கனத்தை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று பெருமை வேறு.

ஒரு நாள் விடியற்காலை, கைப்பிடியைத் திறந்து புது விறகு வைத்த கொஞ்ச நேரத்தில் கூரைமேல் லாரி ஓடுவது போல ஓர் இரைச்சல். புகைபோக்கிக்குள் தீப்பிடித்துவிட்டது. மாப்பிள்ளை காற்றை முழுவதும் அடைத்துவிட்டுத் தீயணைப்புக்குப் போன் செய்தார். பச்சைக் குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பனியில் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். தெய்வாதீனமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புகைபோக்கியின் உள்பக்க மண் ஓடுகள் மட்டும் வெடித்துவிட்டன.

பிறகு வந்த புகைபோக்கி சுத்தம் செய்பவர் உள்ளே சுரண்டி எடுத்ததைக் காட்டினார். தார் மாதிரி கறுத்துப் பளபளத்தது. கிரியோசோட் என்று பெயர். "இந்த அடுப்பு இந்த வீட்டுக்கு ரொம்பப் பெரிது" என்றார். ஜன்னல்கள் எல்லாம் காற்று புகும் ஓட்டையாக இருந்த காலத்தில் அது சரியான அளவாக இருந்திருக்கும். மகள் வந்து சுவர்களுக்குள் பஞ்சு அடைத்து, ஜன்னல்களை மாற்றிய பிறகு வீட்டின் தேவை குறைந்துவிட்டது. அடுப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

நடந்தது இதுதான். விறகின் சூட்டில் பாதிக்கு மேல் புகையாக வெளிவரும் வாயுக்களில் இருக்கிறது. அவை எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் விறகு புழுங்கும், புகை எரியாமல் மேலே போகும். புகைபோக்கியில் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தாராகப் படியும். ஈர விறகை வைத்து ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிய நம் பாட்டிகளின் அடுப்பங்கரைச் சுவர் நினைவிருக்கிறதா? அதே கரிதான், இன்னும் கெட்டியாக. அது தீப்பிடித்தால் 1000 டிகிரியையும் தாண்டும்.

அந்தப் பயம் தெளிந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் செய்த தவறு புதிதல்ல, பல தலைமுறைகள் இதே கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கின்றன என்று தெரிந்தது.

முதலில் பெஞ்சமின் பிராங்ளின். மின்னலையும் பட்டத்தையும் வைத்து நான் பாடம் எடுத்த அதே பிராங்ளின். 1744இல் ஒரு சிறு நூல் அச்சிட்டார். அன்றைய வீடுகளில் சுவரோடு சேர்ந்த பெரிய திறந்த கணப்புகள்தான். முன்பக்கம் சுடும், முதுகு உறையும். சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். நூறு வருடத்துக்கு முன் வாசலிலேயே கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு நூறு மைல் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று அந்த நூலில் கவலைப்பட்டார். அவர் செய்தது இரும்புத் தகடுகளால் ஆன கணப்பு. முன்பைவிடக் கால் பங்கு விறகில் தன் அறை இரண்டு மடங்கு கதகதப்பாக இருப்பதாக எழுதினார். பென்சில்வேனியா ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயனடைகிறோம், நம்முடையதை நாமும் மனமுவந்து தர வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. புகையைக் கீழே இறக்கித் தரைக்கடியில் கொண்டுபோய் அப்புறம்தான் மேலே ஏற்ற வேண்டும். தீ நன்றாகப் பற்றி எரிந்தால்தான் அது நடக்கும். தீ தணிந்தால் புகை அறைக்கே திரும்பும். சூட்டை எவ்வளவு உறிஞ்சிக்கொண்டாலும் புகை மேலே ஏறக் கொஞ்சம் சூட்டை விட்டுவைக்க வேண்டும். எல்லாச் சூட்டையும் பிடித்துக்கொள்ள முடியாது என்பது இதில் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் சுவீடனில். அங்கே இரும்பு உருக்கும் தொழிலுக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். வீட்டு அடுப்புகளும் அதே காட்டைத் தின்றன. விறகைக் குறைக்கும் அடுப்பு ஒன்றை உருவாக்கும் பொறுப்பைக் கார்ல் யோகான் குரோன்ஸ்டெட் என்ற கட்டடக் கலைஞரும் பாபியான் விரேட என்ற படைத் தளபதியும் ஏற்றார்கள். 1767இல் அவர்களின் திட்டம் வெளியானது. செங்கல்லால் கட்டி, வெளியே மெருகு ஓடு பதித்த உயரமான அடுப்பு. புகை அதற்குள் மேலும் கீழுமாகப் பல சந்துகளில் சுற்றிச் சூட்டைச் செங்கல்லிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரிய வைத்தால் போதும். பிறகு நாள் முழுவதும் செங்கல் சூட்டைத் திருப்பித் தரும்.

நான் இரவில் செய்ததற்கு இது நேர்மாறு. விடியும்வரை சூடு இருக்க வேண்டுமென்று நான் தீயை அடக்கினேன். அவர்கள் தீயை அடக்கவில்லை, சூட்டைச் சேமித்தார்கள்.

மூன்றாவது ஆள் இன்னொரு பெஞ்சமின். பெஞ்சமின் தாம்சன், பிற்காலத்தில் ரம்போர்டு பிரபு. பிராங்ளினைப் போல இவரும் மாசசூசெட்ஸில் பிறந்தவர்தான். ஆனால் அமெரிக்கச் சுதந்திரப் போரில் இவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். பீரங்கி துளைக்கும்போது எழும் சூட்டைப் பார்த்து, வெப்பம் ஒரு பொருளல்ல, இயக்கம் என்று வாதிட்டவர் இவர்தான்.

லண்டனில் கணப்புகள் புகைந்து தொல்லை கொடுப்பதைப் பார்த்து 1796இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன வைத்தியம் கணப்பைச் சிறிதாக்குவது. புகைபோக்கியின் தொண்டையை நாலு அங்குலத்துக்குச் சுருக்கினார். பின்சுவரை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக்கி, பக்கச் சுவர்களைச் சாய்வாக வைத்தார். புகை குறைந்தது, அறைக்கு வரும் சூடு கூடியது. பணக்காரர்கள் வரிசையில் நின்று தங்கள் கணப்புகளைச் சுருக்கிக்கொண்டார்கள். கணப்புக்கு முதுகைக் காட்டி நின்று அவர் குளிர்காய்வதாக ஜேம்ஸ் கில்ரே 1800இல் கேலிச்சித்திரமே போட்டார். அந்த அளவுக்குப் பேர்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் பாடம் மறந்துபோனது எப்படி? எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது விறகு அடுப்பைப் பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் ஏறக்குறைய 3 டாலராக இருந்தது சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. எண்ணெயில் வீட்டைச் சூடாக்கிய வடகிழக்கு மாநிலங்கள் திண்டாடின. மக்கள் மறுபடி விறகுக்கு ஓடினார்கள். காற்றுப் புகாமல் இறுக மூடும் இரும்பு அடுப்புகள் அப்போது பிரபலமாயின. ஒரெகானில் பிறந்த பிஷர் அடுப்பின் அளவுகளுக்கு அப்பா கரடி, அம்மா கரடி, குட்டிக் கரடி என்று பெயர். ஆங்கிலக் குழந்தைக் கதை ஒன்றில் ஒரு சிறுமி மூன்று கரடிகளின் வீட்டுக்குள் போய் எது தனக்குச் சரியான அளவு என்று தேடுவாள். அங்கிருந்து வந்த பெயர்.

கதையில் சிறுமி தனக்குச் சரியானதைத்தான் எடுத்தாள். வாழ்க்கையில் பலரும் தேவையைவிடப் பெரியதை எடுத்தார்கள். வளரும் பிள்ளைக்கு இரண்டு சைஸ் பெரிதாகச் சட்டை தைப்போமே, அந்த மனசுதான். பெரிய அடுப்பை வாங்கி, சூடு தாங்காமல் காற்றை அடைத்து, இரவெல்லாம் புழுங்கவிட்டார்கள். புகைபோக்கிகளில் தீப்பிடித்தது. பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலக் காற்றே புகைமூட்டமானது. ஒரெகான் மாநிலம் 1983இல் சட்டம் போட்டது. 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாடு முழுவதற்கும் விதி கொண்டுவந்தது. சாதாரண அடுப்புக்கு 1990 முதல் மணிக்கு 7.5 கிராம் புகைத்துகள் வரை அனுமதி. 2020 முதல் சோதனை முறையைப் பொறுத்து 2 அல்லது 2.5 கிராம்தான்.

ஆனால் அடுப்பு நல்லதாக இருந்தாலும் அதை எந்த வீட்டில் வைக்கிறோம், கைப்பிடியை யார் பிடிக்கிறார்கள் என்பதைச் சட்டம் பார்க்க முடியாது.

சரி தம்பி, இப்போது உன் கணக்கு. கடைக்காரர்கள் வீட்டின் சதுர அடியைக் கேட்பார்கள். அது போதாது. அடைப்பு நன்றாக உள்ள வீடும் ஓட்டை வீடும் ஒரே சதுர அடியாக இருக்கலாம். உன் வீட்டின் உண்மையான தேவை உன் எண்ணெய் பில்லிலேயே இருக்கிறது. ஜனவரியில் 70 கேலன் செலவானது, வெந்நீருக்குத் தனி மின்சார ஹீட்டர் என்று சொன்னாய். ஒரு கேலன் எண்ணெயில் ஏறக்குறைய 40 யூனிட் சூடு, நம் கரண்டு பில்லில் வரும் அதே யூனிட். எழுபது கேலனுக்கு 2,800 யூனிட். ஹீட்டரில் 85 சதவீதம் வீட்டுக்கு வருகிறது என்று வைத்தால் 2,380. ஜனவரியின் 744 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 3.2 யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றைப் போட்டுவிட்டது போல. அவ்வளவுதான் உன் வீடு கேட்கிறது.

காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட். நல்ல அடுப்பில் 70 சதவீதம், அதாவது 2.8 யூனிட் வீட்டுக்கு வரும். எட்டு மணி நேர இரவுக்கு 26 யூனிட் வேண்டும், அதற்கு 9 கிலோ விறகு. ஒரு கன அடி இடத்தில் ஏறக்குறைய 4 கிலோ அடுக்கலாம். ஆக உனக்கு இரண்டு கன அடிக்குச் சற்று மேலான அடுப்பு போதும். நீ அனுப்பிய பெரிய படத்தில் இருப்பது மூன்றரை கன அடி. மைனஸ் இருபது வரும் இரவில் தேவை ஒன்றரை மடங்காகும். நடுவில் ஒருமுறை எழுந்து விறகு போடு, அல்லது எண்ணெய் ஹீட்டர் கொஞ்சம் கைகொடுக்கட்டும். வருடத்தில் சில இரவுகளுக்காக அக்டோபரிலும் ஏப்ரலிலும் மாதக்கணக்கில் புகைய விடாதே. ஒரு டம்ளர் பால் காய்ச்சக் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை மூட்டுவோமா?

வினையூக்கி வைத்த அடுப்புகள் மெதுவாக எரிந்தாலும் புகையை உள்ளேயே எரித்துவிடும். அவற்றுக்கு மட்டும் அளவில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். ஆனால் அந்த வினையூக்கியைப் பராமரிக்க வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

குளிர் நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஈரமானியால் பாருங்கள். வருடம் ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். வீட்டுக்குப் புது ஜன்னல் போட்டால் அடுப்புக் கணக்கையும் ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள்.

மகள் வீட்டில் இப்போது சின்ன அடுப்புதான். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் கொழுந்து தெளிவாக எரிகிறது, வெளியே புகைபோக்கியில் புகையே தெரிவதில்லை. பேத்திக்கு இரண்டு வயதாகிவிட்டது. வீடியோ காலில் அடுப்பைக் காட்டி "பாட்டி, ஹாட்!" என்கிறாள். அடுத்த முறை போகும்போது அந்தக் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று மகள் எனக்கு உத்தரவே போட்டிருக்கிறாள். தொட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்