கல்லில் வெட்டத் தகுந்த மரபு

சென்ற கோடை விடுமுறையில் எமது பங்கின் கல்லூரி மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சென்றோம். பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது அக்கோட்டை. அகழியைக் கடந்து உள்ளே நுழைந்ததும், "இது இராஜேந்திர சோழன் கட்டியது, ஃபாதர், ஆயிரம் வருடப் பழமை" என்றான் ஒரு மாணவன். அப்படியன்று. ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகிர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை இது. 1751இல் முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயரும், சந்தா சாகிபின் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரத்தை ஒட்டிய இப்பகுதியில்தான் மோதினர். இதைச் சொன்னபோது அம்மாணவனின் முகம் சற்று வாடிற்று. பழமை குறைந்தால் பெருமையும் குறைந்துவிடும் என்று எண்ணினான் போலும்.

கொத்தள நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபோது, பொறியியற் கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்த மற்றொருவன் தன் விடுதியைப் பற்றிப் பேசினான். அங்கே புதிதாய் வந்தவர் மூத்தோர் முன் தலை நிமிரலாகாது. நள்ளிரவில் அழைத்தாலும் சென்று நிற்கவேண்டும். ஏவிய வேலையைச் செய்யவேண்டும். "அது எங்கள் காலேஜின் நூறு வருட மரபு, ஃபாதர்" என்றான். "கல்லூரி தொடங்கி எத்தனை ஆண்டுகள், தம்பி?" என்று கேட்டோம். "இருபத்திரண்டு" என்றான். அனைவரும் சிரித்தனர். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஜூனில் நான் சீனியர்" என்று மெல்லச் சொன்னான்.

வீடு திரும்பிய பின்னும் அச்சொல் எம்மை விடவில்லை. கல்வி வளாகத்தின் உண்மையான மரபு எது? மரபு என்ற பெயரைச் சூடிக்கொண்டு வருவது எது? இவ்வினாவைச் சற்று வரலாற்றின் துணையோடு ஆராய்வோம்.

பழமை மட்டும் போதுமா?

போலி மரபைக் கண்டுகொள்ள எளிய வழி அதன் வயதைக் கேட்பதே என்று முதலில் தோன்றும். இருபத்திரண்டு வயதுக் கல்லூரியில் நூறு வயது மரபு இருக்க இயலாது அன்றோ? 'மரபுகளைப் புனைதல்' என்னும் பொருளில் எரிக் ஹாப்ஸ்பாம், டெரன்ஸ் ரேஞ்சர் ஆகிய வரலாற்றறிஞர்கள் 1983இல் ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டனர். தொன்றுதொட்டு வருவதாக நம்பப்படும் வழக்கங்கள் பல அண்மைக் காலத்தில் உருவானவையே என்பது அதன் கருத்து.

ஆயினும் இந்த அளவுகோல் ஒன்றே போதாது. ஏனெனில், புதியவரை வதைக்கும் வழக்கத்துக்கு மெய்யாகவே நீண்ட வமிசாவளி உண்டு. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவனை 'மஞ்சள் அலகுக் குஞ்சு' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்து, அவனிடம் பணம் பறித்து விருந்துண்டனர். ஜெர்மானிய நாடுகளில் அவன் தலையில் கொம்பு வைத்து, பிறகு அதை அறுத்தெறியும் சடங்கும் நடந்தது. விலங்காய் வந்தவனை மனிதனாக்குகிறோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். பாரிசுப் பல்கலைக்கழகம் 14ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய வசூலுக்குத் தடை விதித்தது. எனவே, பழமை ஒன்றே சான்றாகுமானால், ராகிங்கும் மதிப்பிற்குரிய மரபாகிவிடும். பழமையான தவறும் தவறுதான்.

இரவல் அங்கி

அயலிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு வழக்கம் போலியாகுமா? பட்டமளிப்பு விழாவின் அங்கியை எடுத்துக்கொள்வோம். குளிர்நாட்டுத் திருச்சபைக் குருக்களும் மாணவரும் அணிந்த உடையின் வழித்தோன்றல் அது. நம் வெயிலில் அது வியர்வையைத்தான் தருகிறது. 2010இல் போபாலில் நடந்த பட்டமளிப்பு விழாவில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அது காலனிய காலத்து எச்சம் என்று சாடி, மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு கைத்தறி உடையை அணியுமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது.

அங்கி மாறலாம், மாறுவதால் இழப்பு ஏதுமில்லை. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். அவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் பெற்ற பட்டமும் அதைச் சூழ்ந்த சடங்கும் இங்கிலாந்திலிருந்து வந்தவையே. ஆனால், அவர் பிற்காலத்தில் செய்தது என்ன? செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்தார், ஒப்புநோக்கினார், 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழர் கையில் கொடுத்தார். பல்கலைக்கழக மரபு அங்கியில் இருந்ததா, அழியவிருந்ததை அடுத்த தலைமுறைக்குக் கையளித்த அந்த உழைப்பில் இருந்ததா? விடையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு

எமது அரியலூர்ப் பகுதியின் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கிய அந்த இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ளது. அவ்வூரில் இயங்கிய கல்லூரியின் அமைப்பை அது விரித்துரைக்கிறது. இளநிலை மாணவர் 270 பேர். மேல்நிலை மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இருக்கு வேதம் கற்போர் 75. யசுர் வேதம் கற்போர் 75. இலக்கணத் தொடக்கநூல் பயில்வோர் 40 என்று அது எண்ணிச் சொல்கிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லையும், ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் அது குறிக்கிறது. வந்து கற்பவன் பசித்திருக்கலாகாது என்பது அங்கே எழுத்தில் நின்ற சட்டம்.

அக்கல்லூரியை நாம் முழுதும் போற்றிவிட இயலாது. வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்தோர்க்கே அதன் கதவு திறந்திருந்தது. உழுது அந்நெல்லை விளைவித்தவரின் பிள்ளைக்கு அங்கு இடமில்லை. நல்ல மரபிலும் களையவேண்டியது உண்டு. புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் முத்துலட்சுமி என்னும் பெண் சேர விரும்பியபோது, அது ஆண்கள் கல்லூரி என்பதே தடையாக எழுந்தது. மன்னர் இசைந்தார், கதவு திறந்தது. அப்பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவராய் வெளிவந்தார். ஒரு வழக்கம் உடைந்தது. கற்பிக்கும் மரபோ உடையவில்லை, விரிந்தது.

கையளித்தலும் காட்டிக்கொடுத்தலும்

குருமடத்தில் இலத்தீன் பயின்ற காலத்தில் எமக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. மரபைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'கையளித்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. யூதாசு தம் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததைக் குறிக்க இலத்தீன் விவிலியம் ஆள்வதும் அதே வினையைத்தான். ஒன்றைக் கையளிப்பவன் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். பெறுபவன் அதனால் வளர்கிறானா, குன்றுகிறானா என்பதே வேறுபாடு.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். நாம் கல்லூரி விடுதியில் இரண்டாமாண்டு மாணவராயிருந்தபோது, சிற்றூரிலிருந்து புதிதாய் வந்த ஒரு மாணவனை எமது வாளியைச் சுமக்க வைத்தோம். அவன் பேசிய தமிழை அவனைக்கொண்டே பலமுறை சொல்லச்செய்து சிரித்தோம். முந்தைய ஆண்டு எமக்குச் செய்யப்பட்டது அதுவே. ஆகவே அது மரபு என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டோம். பத்தே நாளில் அவன் தன் தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பினான். ஏனென்று விடுதியில் எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அவன் பெயர் மட்டும் இன்றும் மறக்கவில்லை.

1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்டபோது தமிழகமே அதிர்ந்தது. 1997இல் தமிழக அரசு ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 1998இல் இலங்கையும் பகிடிவதைக்கு எதிராகச் சட்டம் செய்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. ஆயினும், கதவு அடைத்த அறைக்குள் சட்டம் நுழைவது அரிது. அங்கே நுழையவேண்டியது மனச்சான்று.

கல்லில் வெட்டத் துணிவோமா?

ஆதலின், மரபென்று எவரேனும் ஒன்றை நம்மிடம் நீட்டினால் மூன்று கேள்விகள் கேட்போம். அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மெய்யா? அதைப் பெறுபவன் அதனால் அறிவிலோ மாண்பிலோ வளர்கிறானா? எண்ணாயிரத்தார் சோற்றளவைக்கூட ஊரறியக் கல்லில் பொறித்தனரே, அவ்வாறு இதையும் பெற்றோரும் ஆசிரியரும் படிக்கும்படி கல்லூரி வாயிலில் வெட்டிவைக்கத் துணிவோமா? நள்ளிரவு ஏவலை எவரும் கல்லில் வெட்டமாட்டார். புதியவனுக்குத் தன் பாடக் குறிப்பேட்டைக் கொடுத்த மூத்தவனின் செயலையோ தயங்காமல் வெட்டலாம்.

ஜூன் மாதம் பிறந்து சில நாட்களில் அம்மாணவன் விடுதிக்குப் புறப்படுமுன் எம்மைக் காண வந்தான். நாம் அறிவுரை ஏதும் கூறவில்லை. தகரப் பெட்டியுடன் சென்றவனின் கதையை மட்டும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அவரை நீங்கள் தேடிப் போகவில்லையா, ஃபாதர்?" என்று கேட்டான். அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.