தரிசு நிலமும் முடிக்குரிய காணியும்: மத்திய மலைநாட்டுத் தாவரங்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டுக் காடுகள் அழிந்தமைக்குச் சேனைப் பயிர்ச்செய்கையே காரணம் என்னும் கூற்று குடியேற்ற ஆட்சிக்காலம் முதலாகவே வலியுறுத்தப்பட்டு வந்துள்ளது. காணிச் சட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, இதனை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை.

சேனையில் காட்டை வெட்டி எரித்து, குரக்கன் முதலியவற்றை ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டபின் நிலம் பல ஆண்டுகள் தரிசாக விடப்படும். மண் வளம் மீள்வதும் காட்டுச் செடிகள் மறுபடி முளைப்பதும் அக்காலத்திலேயே. தரிசுக்காலம் குறுகினால் சேனையும் நிலத்தைக் கெடுக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதெனக் கொண்டது. கண்டிப் பிரதேசச் சேனை நிலங்களுக்கு அரச மானியப் பத்திரத்தையோ வழமையான வரி செலுத்தியமையையோ காட்டும் பொறுப்பு குடியானவன்மீது சுமத்தப்பட்டது. பயிர்ச்செய்கையின் இன்றியமையாத கட்டமொன்று, உரிமையின்மைக்குச் சான்றாக மாற்றப்பட்டது! இவ்வாறு முடிக்குரியதாகிய நிலமே கோப்பித் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது. தீ இரு முறைகளுக்கும் பொதுவானது. ஆனால் சேனைக்காரன் நிலத்தைக் காட்டிடம் திருப்பிக் கொடுத்தான், தோட்டம் கொடுக்கவில்லை. காட்டை வெட்டும் கூலிவேலையில் அயற்கிராமத்துச் சிங்களவரும், தோட்ட உழைப்பில் தென்னிந்தியத் தமிழரும் ஈடுபடுத்தப்பட்டனர்.

பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்ஸ், இலங்கைத் தாவரங்களைத் தொகுத்து 1858 முதல் 1864 வரை நூலாக வெளியிட்டார். எண்ணியவரும் வெட்டியவரும் ஒரே ஆட்சியின் நிழலிலேயே இருந்தனர். 1873இல் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்குமாறு ஆலோசனை கூறினார். அவ்வெல்லைக்குக் கீழே கோப்பி பெரும்பகுதியை விழுங்கிவிட்டிருந்தது. மலைநாட்டுக்கே உரிய அருந்தாவரங்கள் பல இன்று உச்சிகளில் ஒடுங்கியிருப்பதை இயற்கையின் ஏற்பாடாக மட்டும் கொள்ளலாகாது.

சுதந்திரத்தின் பின்னரும் நிலைமை முற்றாக மாறவில்லை. ஹோட்டன் சமவெளியின் பத்தனைப் புல்நிலத்தில் 1960களில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் அது காப்பிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ஏலம் நிழலை வேண்டும் பயிராதலின் பெருமரங்கள் விடப்பட்டன. கீழடுக்குச் செடிகள் வெட்டப்பட்டன. சிங்களத்தில் நெலு என வழங்கும் குறிஞ்சியினச் செடிகள் இக்கீழடுக்குக்கே உரியவை. அவற்றுட் சில ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடிந்து, உதிர்ந்த விதையிலிருந்தே மீள வளர்வன. 2000ஆம் ஆண்டில் அப்பிரதேசம் பேணற்காடாக்கப்பட்டது. ஏலக்காட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மரமுடிகள் மட்டுமே தெரியும். கீழடுக்கின் இழப்பு தெரியாது.