உடல்நல ஆய்வில் தொலைபேசி நேர்காணல்: வளையமாதேவியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2023 ஜூலை இறுதியில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் இறக்கப்பட்டன. என்.எல்.சி. நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்ப் பணி காவலர் பாதுகாப்புடன் நடைபெற்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டன. வடக்கு வெள்ளூரின் நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவினும் 250 மடங்கு மிகுந்திருப்பதாக அது கூறியது. நீரைக் குப்பியில் எடுத்துச் சோதித்துவிடலாம். அந்நீரைப் புழங்கியோர் தம் உடலைப் பற்றிக் கூறுவதைப் பெறுவதோ பண்புசார் ஆய்வின் பணி. அச்சம் நிலவும் ஊரில், நிலம் இழந்து பல இடங்களுக்குச் சிதறிய மக்களிடையே அப்பணிக்குத் தொலைபேசி நேர்காணல் ஏற்றதா என்பதை அக்கருவியின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவி வந்த வழி

மேலைநாடுகளில் தொலைபேசி மீதான ஐயம் பழையது. 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், தொலைபேசி வைத்திருந்தோர், மகிழுந்து வைத்திருந்தோர் பட்டியல்களைக் கொண்டு வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிக் கருத்துக் கேட்டது. லாண்டன் வெல்வார் என்று கணித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட். கருவி இல்லாதோரின் குரல் கணக்கில் வராமற்போனதே அப்பிழைக்குக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது. பண்புசார் ஆய்வாளரின் தயக்கம் வேறு வகையினது: முகம் காணாமல் மனம் திறக்குமா என்பது. சிறை சார்ந்த தம் ஆய்வில் இருவகை நேர்காணல்களையும் ஒப்பிட்ட ஸ்டர்ஜஸ், ஹன்றஹன் ஆகியோர் தரவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2004இல் எழுதினர். செவிலியர் ஆய்வு இதழொன்றில் 2008இல் எழுதிய நோவிக், தொலைபேசித் தரவு தாழ்ந்தது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றார்.

இவ்விவாதத்தை அப்படியே தமிழகத்திற்குப் பொருத்த இயலாது. நெய்வேலியின் முதற் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்த 1957இல், வெளியூர் அழைப்பை 'டிரங்க் கால்' எனப் பதிந்து காத்திருக்க வேண்டியிருந்தது. இயக்குநர் துணையின்றி வெளியூரை அழைக்கும் எஸ்.டி.டி. வசதி கான்பூர், லக்னோ நகரங்களுக்கிடையே 1960இல்தான் வந்தது. 1991இலும் நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை. எஸ்.டி.டி. பூத்துகள் ஊர்தோறும் பெருகிய பின்னரும், வரிசையில் நிற்போர் செவிபட நோயைப் பேச யாரால் இயலும்? 1995இல் கைப்பேசிச் சேவை தொடங்கியபோது அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். 2003இல்தான் அந்நிலை மாறியது. அதுவரை தகவலாளர் தம் கைப்பேசியில் ஆய்வாளருக்கு விடையளிக்கத் தாமே பணம் கொடுத்திருக்க வேண்டும். இங்கு இம்முறையின் வரலாற்றை ஆய்வு நெறிநூல்களைவிடக் கட்டண விதியே தீர்மானித்தது எனலாம். 2020 ஊரடங்கு அதனைக் கட்டாயமாக்கியது. நேரில் ஒப்புதல் பெற இயலாத சூழலில் மின்னணு வழி ஒப்புதலுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவ்வாண்டு ஏப்ரலில் வழிகாட்டியது.

யாருடைய கைப்பேசி?

சுரங்கப் பகுதியில் தொலைபேசிக்கு உறுதியான பயன் உண்டு. வாகனம் தெருவில் நின்றால் எந்த வீட்டுக்கு யார் வந்தார் என ஊர் அறியும். அழைப்பு அவ்வாறு தெரிவதில்லை. குடும்பத்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் மற்றொருவர் நிலம் இழந்தவராகவும் இருக்கக்கூடிய பகுதியில் இது சிறிய வசதியன்று. குடிபெயர்ந்தோரைப் பின்தொடரவும் வேறு எளிய வழியில்லை.

எனினும் இழப்பும் உண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகு அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. அதனை இடைவிடாது இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் இயங்கும். ஆகவே இங்கு நோய்பற்றிய பேச்சு கிணற்றையும் வாய்க்காலையும் விட்டுத் தனியே நிற்பதில்லை. நேரில் சென்றால் தகவலாளர் கிணற்றைச் சுட்டி 'இதுதான்' என்று நிறுத்திவிடுவார். தொலைபேசியில் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. நீரின் நிறத்தையும் மணத்தையும் அவர் விவரித்தாக வேண்டும். இதனைக் குறையாக மட்டும் கொள்வது சரியன்று. காட்டிவிட்டு நகரும் இடத்தில் சொல்லவைப்பது சிலவேளை கூடுதல் தரவைத் தரும்.

கடினமான சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காட்டினர் என்பது ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் முடிவு. தமிழகத்தில் இது ஏறத்தாழ முக்கால் பங்கு. எஞ்சிய பெண்களிடம் பேசக் கணவரையோ மகனையோ அழைத்தாக வேண்டும். ஒலிபெருக்கி இயக்கப்பட்டிருப்பதும் அழைத்தவருக்குத் தெரியாது. வன்முறை பற்றிய வினாக்களை வேறெவரும் கேளாத தனிமையில் மட்டுமே கேட்க வேண்டும் என்பது அக்கணக்கெடுப்பின் விதி; நேரில் வந்தவர் அறையை ஒருமுறை பார்த்தே அதனை உறுதிசெய்வார். தொலைபேசியில் கருப்பை நோயையோ மனச்சோர்வையோ கேட்பவருக்கு அக்காட்சி கிட்டாது. ஆகவே முதல் அழைப்பைப் பதிவுக்குரியதாகக் கொள்ளாமல், பேசத் தோதான நேரத்தைக் கேட்டறிய மட்டும் பயன்படுத்த வேண்டும். கைப்பேசி யாருடையது, பேசும்போது அருகில் யார் இருந்தார், எந்த வினாவில் குரல் தாழ்ந்தது என்பவை நேர்காணல் எழுத்துப்படியின் தலைப்பிலேயே தரவாகப் பதியப்பட வேண்டும்.