வற்றிய ஆறு கற்பிக்கும் பாடம்

நீர் பெருகிய ஆறு தன் அடியைக் காட்டுவதில்லை. கோடையில் வற்றும்போதே பாறை எது, மடு எது, ஓட்டம் திரும்பும் இடம் எது என்பன புலனாகும். ஆகவே தூண்டிலில் தேர்ந்தோர் ஓய்வுக் காலத்தில் கரைவழி நடந்து இடங்களைக் குறித்துக்கொள்வர். வெள்ளம் வடிந்து நீர் தெளிந்ததும் அவற்றை நாடுவர்.

நம் நாட்டு ஆற்று மீன்களின் இயல்பையும் தூண்டில் முறையையும் ஆராய்ந்து எழுதியவருள் ஹென்றி சல்லிவன் தாமஸ் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாகாண அதிகாரியாகத் தென் கன்னடத்தில் பணியாற்றிய அவர், தமது ஆங்கில நூலை 1873இல் வெளியிட்டார்.

ஆயினும் வற்றிய மடு, தூண்டிற்காரனுக்கு மட்டுமன்றி நஞ்சிடுவோனுக்கும் வழிகாட்டிற்று. ஒதுங்கிய மீன்களை நஞ்சும் வெடியும் குஞ்சோடு அழித்தன. இவ்விரண்டையும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் தடுத்தது.

காவிரியின் துணையாறான கபினியில் 1946இல் 120 இராத்தல் எடையுள்ள மகசீர் மீன் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீரோ, 2018இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

ஆதலின் கோடையில் ஆற்றங்கரை செல்லும் அன்பர்கள், மீன் ஒதுங்கும் மடுவைக் குறித்துக்கொள்வதோடு, அம்மடு காக்கப்படுகிறதா என்பதையும் கண்டு வருவார்களாக!